போன் எடுத்தால் வரும் கேள்விகள்: ஒரு காட்டுயிர் மீட்புக் காப்பகத்திலிருந்து

சென்னையில் ஒரு சிறிய காட்டுயிர் மீட்புக் காப்பகத்தில் ஆறு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பெரும்பாலும் போன் எடுப்பதுதான் என் வேலை. கோடையில் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் நாட்களில் ஒரே கேள்வியை ஒரே நாளில் பத்துப் பேர் கேட்பார்கள். அதில் பலர் எங்களைக் கூப்பிடுவதற்குள் பாலோ பிஸ்கட்டோ ஊட்டி முடித்திருப்பார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை, இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

நீங்க ஜூவா, இல்ல நாய் பூனை பார்க்கிற ஆஸ்பத்திரியா?

இரண்டும் இல்லை. ஜூ விலங்குகளை வைத்துக்கொள்ளும், மக்களுக்குக் காட்டும். நாங்கள் வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. அடிபட்டோ தாயைப் பிரிந்தோ வரும் காட்டு உயிரைத் தேற்றி, அது இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் வேலை. வனத்துறையின் அனுமதியோடும் மேற்பார்வையிலும்தான் இது நடக்கிறது, நினைத்தவர்கள் நினைத்த இடத்தில் கூண்டு வைத்து நடத்த முடியாது.

"காட்டுயிர்" என்றதும் புலியும் யானையும்தான் பலருக்கு மனதில் வருகின்றன. எங்களிடம் வருவது காக்கை, குயில், பருந்து, ஆந்தை, கிளி, அணில், மரநாய், பழந்தின்னி வௌவால், ஆமை, எப்போதாவது குரங்கு. காட்டுக்கே போகாமல் நம் தெருவில், நம் மொட்டை மாடியில் வாழ்கிற காட்டுயிர்கள் இவை.

மரத்தடியில ஒரு குஞ்சு கிடக்குங்க, எடுத்துட்டு வரட்டுமா?

முதலில் நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். உடம்பெல்லாம் இறகு வந்திருக்கிறதா? தத்தித் தத்தி நகர்கிறதா? அப்படியானால் அது விழுந்த குஞ்சு இல்லை, பறக்கக் கற்றுக்கொள்கிற குஞ்சு. மைனாவோ கொண்டைக்குருவியோ புள்ளிச் சில்லையோ, பலவும் கூட்டை விட்டு இறங்கிச் சில நாள் தரையிலும் புதரிலும்தான் இருக்கும். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் நிற்பதால்தான் வராமல் இருக்கும். பூனை, நாய், வண்டி பயம் இருந்தால் பக்கத்தில் உள்ள செடி மறைவிலோ தாழ்ந்த கிளையிலோ தூக்கி வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அவ்வளவுதான்.

இறகே இல்லாமல், கண் திறக்காமல், செக்கச்செவேல் என்று இருந்தால் அது நிஜமாகவே கூட்டிலிருந்து விழுந்தது. கூடு தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். எட்டாத உயரம் என்றால், அல்லது கூடே கலைந்திருந்தால், ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு அதே மரத்தில் கட்டி அதில் வைக்கலாம். இரண்டு மணி நேரம் தூரத்தில் இருந்து பாருங்கள். யாரும் வரவில்லை என்றால் அப்போது எங்களைக் கூப்பிடுங்கள்.

விதிவிலக்கு உழவாரன் குருவி. நீண்ட அரிவாள் மாதிரி இறக்கை, கால் இருப்பதே தெரியாது. முழுதாக வளர்ந்த பறவைக்கே தரையிலிருந்து எழும்புவது பெரும்பாடு. அதைக் கீழே பார்த்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், காற்றில் தூக்கிப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

மனுஷக் கை பட்டா தாய் சேர்த்துக்காதாமே?

சேர்த்துக்கொள்ளும். இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனையோ குஞ்சுகள் தாயிடம் போகாமல் அட்டைப்பெட்டியில் எங்களிடம் வந்திருக்கின்றன. நாங்கள் எவ்வளவு கவனமாக ஊட்டினாலும் ஒரு தாய்ப்பறவை அளவுக்கு எங்களால் வளர்க்க முடியாது.

அடிபட்ட பறவைக்கு முதல்ல கொஞ்சம் தண்ணி ஊத்தலாமா? நாக்கு வறண்டு இருக்கு.

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பறவையின் மூச்சுக்குழாயின் வாய், நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். இறக்கை ஒடிந்து வந்த பறவை, ஒடிந்ததால் சாகாமல் ஊற்றிய தண்ணீரால் செத்ததை நான் பார்த்திருக்கிறேன், கொண்டுவந்த பெண் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு அட்டைப்பெட்டி, நாலைந்து ஓட்டை, உள்ளே பழைய காட்டன் துணி. ஒரு துண்டைப் பறவையின் தலையும் சேர்த்து மூடும்படி போர்த்தி எடுத்து உள்ளே வையுங்கள். மூடிவிடுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு கம்பியில் அடித்து உடைந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்காதீர்கள், டிவி ஓடுகிற ஹாலில் வைக்காதீர்கள், தடவிக் கொடுக்காதீர்கள். நாய்க்குட்டிக்கு நம் கை ஆறுதல், காட்டுப் பறவைக்கு அது பிடிக்க வந்த மிருகத்தின் கை. இருட்டும் அமைதியும்தான் அதற்கு முதலுதவி. பருந்து, ஆந்தை என்றால் அலகைவிடக் கால் நகம்தான் ஆபத்து, கால்களை முதலில் துணியால் அடக்குங்கள்.

எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று மட்டும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டுங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்விக்கு வரும்போது தெரியும்.

அணில் குட்டி கிடைச்சுது, பசும்பால் கொடுத்தேன், இப்போ வயிறு உப்பிக் கிடக்கு.

பசும்பால் அணில் குட்டிக்குச் செரிக்காது, பேதி ஆகும். அதைவிடப் பெரிய தப்பு, ஜில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு எதையாவது ஊட்டுவது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. முதலில் சூடு: பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் நிரப்பித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சூடேறிய பிறகுதான் மற்றது. எங்களிடம் நாய்க்குட்டிக்கான பால்பவுடரை நீர்க்கக் கரைத்து, ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில், குட்டியைக் குப்புற வைத்த நிலையில் சொட்டுச் சொட்டாகத் தருகிறோம். மூக்கில் பால் வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு தடவை ஊட்டிய பிறகும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் துடைத்துவிட வேண்டும், கண் திறக்காத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது, தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், கூடு கலைந்த இடத்திலேயே குட்டியைச் சூடாக ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் காத்திருந்து பாருங்கள். தாய் அணில் வாயில் கவ்வி ஒவ்வொன்றாகக் கொண்டுபோவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

பூனை கவ்வினதை மீட்டுட்டேன், காயமே இல்ல. விட்டுடலாமா?

கூடாது. பூனைப் பல் ஊசி மாதிரி, ஓட்டை இறகுக்கடியில் தெரியாது. அதன் எச்சிலில் இருக்கும் கிருமி ஒன்றிரண்டு நாளில் பறவையைக் கொன்றுவிடும். அன்றைக்கே ஆன்டிபயாடிக் போட்டால் பிழைக்க வழி உண்டு.

காக்காய் கூட்டமா சேர்ந்து ஒரு குஞ்சைக் கொத்துது. என்ன குஞ்சுன்னே தெரியல.

பெரும்பாலும் குயில் குஞ்சு. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும், காக்கை தன் குஞ்சென்றே நினைத்து ஊட்டி வளர்க்கும், வளர்ந்து வெளியே வந்ததும் மற்ற காக்கைகள் துரத்தும். பெண் குயில் உடம்பெல்லாம் புள்ளியாக இருப்பதால் "ஏதோ பருந்துக் குஞ்சு" என்று சொல்லித்தான் கொண்டுவருவார்கள். பருந்து என்று நம்பிக் கறி ஊட்டிவிடாதீர்கள், வளர்ந்த குயில் பழம் தின்கிற பறவை. காக்கைகளைத் துரத்திவிட்டு, நன்றாகப் பறக்கிறதென்றால் அடர்ந்த மரத்தில் விடுங்கள். காயம் இருந்தால் மேலே சொன்ன பெட்டி.

இரண்டாவது சாத்தியம், பகலில் வெளியே மாட்டிக்கொண்ட ஆந்தை. அதை ஒரு பெட்டியில் மாலைவரை வைத்திருந்து, இருட்டியதும் அதே இடத்தில் திறந்துவிட்டால் போதும்.

வீட்டு மாடியில் ஆந்தை குடும்பமா இருக்கு. கெட்ட சகுனம்னு மாமியார் சொல்றாங்க, எடுத்துட்டுப் போயிடுங்க.

எடுக்க மாட்டோம். அது கூகை, வெள்ளை முகம் உள்ளது. ராத்திரி வேட்டையாடுவது பெரும்பாலும் எலி. அந்தக் குடும்பம் உங்கள் தெருவில் இருக்கும்வரை எலி மருந்து வாங்கும் செலவு குறையும் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டில் இது வேலை செய்தது. சீறுகிற மாதிரி சத்தம் வருவது குஞ்சுகள் பசியில் கூப்பிடுவது. குஞ்சுகள் பறந்து போனதும் நீங்கள் அந்த ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு வந்திருக்கு! உடனே ஆள் அனுப்புங்க!

எங்களைவிடத் தீயணைப்புத் துறை சீக்கிரம் வரும், 101. அல்லது வனத்துறை. வரும்வரை பாம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள், கடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான். எங்களுக்கு வரும் அழைப்பில் அதிகம் சாரைப்பாம்பு, அதற்கு விஷம் கிடையாது. ஆனால் போட்டோவை வைத்து "இது சாரைதான்" என்று நாங்கள் உறுதி சொல்ல மாட்டோம்.

பாம்பு பிடிக்கும் திறமையை மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் நடத்தும் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. அவர்கள் எடுத்துத் தரும் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷத்திலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி உருவாகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் காப்பகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

மாஞ்சா நூல்ல சிக்கின பருந்து பொழைக்குமா?

நூல் எங்கே அறுத்தது என்பதைப் பொறுத்தது. பருந்தின் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்னோரத்தில் ஒரு தோல்மடிப்பு உண்டு, இறக்கையை விரித்தால் பாய் மாதிரி இழுபடும். அதற்குள் ஒரு தசைநாண் ஓடுகிறது. தோல் மட்டும் கிழிந்திருந்தால் தைத்துவிடலாம். தசைநாண் அறுந்திருந்தால் இறக்கை முழுதாக விரியாது, விரியாத இறக்கையோடு பருந்து வாழ முடியாது. எலும்பு தெரிகிற அளவு அறுத்து, ஒரு நாள் முழுக்கக் கிளையில் தொங்கிவிட்டு வந்தால் பெரும்பாலும் சதை கறுத்துப்போயிருக்கும். அதனால் தொங்குகிற பறவையைப் பார்த்த உடனே தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். நூலை உருவி எடுக்காதீர்கள், இன்னும் அறுக்கும். இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு, காயத்தோடு ஒட்டியிருக்கும் துண்டை அப்படியே விட்டுப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

தையல் போடுவது ஒரு மணி நேர வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கட்டை அவிழ்த்ததும் இறக்கை விறைத்துப்போயிருக்கும், சில நாளுக்கு ஒரு தடவை லேசான மயக்கத்தில் வைத்து டாக்டர் அதை மெல்ல விரித்து மடக்குவார். பிறகு நீளமான பறக்கும் கூண்டு. முதல் வாரம் தரையில் நடக்கும், அப்புறம் தாழ்ந்த கட்டைக்குத் தாவும், அப்புறம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. திரும்பும்போது ஒரு பக்கம் சாய்கிறதா, இறங்கும்போது தடுமாறுகிறதா என்று எங்கள் கூண்டு பார்க்கும் அண்ணன் ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். "இன்னும் பத்து நாள்" என்று அவர் சொன்னால் டாக்டரும் அதற்கு மேல் பேச மாட்டார்.

நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்தது. பட்டம் விடும் நாட்களில் எங்கள் மேஜைக்கு அது இன்னமும் வருகிறது. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் நூல் என்ன நூல் என்று பார்ப்பதை நம் வீட்டிலிருந்து தொடங்கலாம்.

உள்ளே யாரெல்லாம் வேலை பார்க்கிறாங்க?

ஒரு கால்நடை மருத்துவர், வாரத்தில் இரண்டு நாள் வரும் இன்னொருவர், கூண்டு பார்க்கும் மூன்று பேர், ஒரு டிரைவர், சமையலறை அக்கா, என்னைப் போன்ற தன்னார்வலர்கள் சிலர். இதில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் அது பெரிய சம்பளம் இல்லை.

சமையலறை என்றேன் இல்லையா, காப்பகத்தின் உயிர் அங்கேதான். காலை ஐந்தரைக்கு அக்கா வந்துவிடுவார். பருந்துக்கு எலும்போடு சேர்த்து நறுக்கிய கோழி (வெறும் சதையாகவே கொடுத்தால் வளர்கிற குஞ்சின் எலும்பு வளைந்துவிடும்), மைனாக் குஞ்சுக்குப் புழு, வௌவாலுக்குப் பப்பாளி, ஆமைக்குக் கீரையும் புல்லும். எந்தத் தட்டில் எவ்வளவு மிச்சம் வந்தது என்று அவர் சொல்வதைக் கேட்டுத்தான் டாக்டர் சுற்றுக்குப் போவார். கண் திறக்காத குஞ்சுகளுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அரை மணிக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும். கோடையில் நாற்பது குஞ்சு இருக்கும்போது ஒரு சுற்று முடிவதற்குள் முதல் குஞ்சு மறுபடி வாயைத் திறந்துவிடும்.

டாக்டர்னா மாடு, நாய் பார்க்கிறவர்தானே? இதுக்குத் தனியா என்ன?

படிப்பு அதே கால்நடை மருத்துவப் படிப்புதான், ஆனால் ஒரு விலங்குக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலிமருந்து, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியாவில் அந்தக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போய்விட்டன, 2006-ல்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். எங்கள் டாக்டரம்மா பறவைகளுக்கு மெலாக்சிகாம் என்ற வேறொரு வலிமருந்தைப் பயன்படுத்துகிறார். வீட்டில் இருக்கும் வலிமாத்திரையை நுணுக்கி நீங்களே கொடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

குழந்தைகளைக் கூட்டிட்டு வந்து பார்க்கலாமா? தூரத்துல நின்னு ஒரே ஒரு போட்டோ.

இல்லை. இதற்காக என்மேல் கோபப்பட்டவர்கள் உண்டு, பரவாயில்லை. ஒருமுறை நாய் துரத்திய புள்ளிமான் வந்தது, மேலே ஒரு கீறல்தான். ஆனால் மான் பயத்தில் ஓடியும் உதறியும் களைத்தால் அதன் தசைகளே சிதையத் தொடங்கும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும், நன்றாக நிற்பது மாதிரி இருந்துவிட்டு இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். அந்த மானும் அப்படித்தான் போனது. கூண்டருகே வரும் ஒவ்வொரு முகமும் அதற்கு இன்னொரு துரத்தல்.

குட்டிகளுக்குப் பிரச்சினை நேர் எதிர்: பயம் போய்விடும். மனிதனைக் கண்டால் ஓடாத குரங்கையும் மரநாயையும் வெளியே விட்டால் முதல் வாரத்திலேயே யாராவது அடிப்பார்கள். அதனால்தான் குட்டிகளுக்குப் பேர் வைத்துக் கூப்பிடுவதையே நாங்கள் தவிர்க்கிறோம், நோட்டில் எண் மட்டும்தான். இது எளிதில்லை.

வாலண்டியரா சேரணும். மூணு நாள் லீவு இருக்கு.

மூன்று நாள் போதாது, வாரத்தில் ஒரு பாதி நாள் என்று ஆறு மாதம் வர முடிந்தால் வாருங்கள். முதல் மாதம் கூண்டு கழுவுவது, துணி துவைப்பது, பழம் நறுக்குவது. விலங்கைத் தொடும் வேலைக்கு முன் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், ரேபிஸ் பாலூட்டிகளிடமிருந்து வரும் நோய், குரங்கு, மரநாய், வௌவால் எல்லாமே பாலூட்டிகள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது வெளியில் மீட்கிற உங்களுக்கும் பொருந்தும்.

பத்து வருஷமா கிளி வளர்க்கிறோம். உங்ககிட்ட கொடுத்தா எங்க மேல கேஸ் வருமா?

நேர்மையாகச் சொல்கிறேன். பச்சைக்கிளி உட்பட நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்ட காட்டுயிர் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாங்களாக முன்வந்து ஒப்படைத்தவர்களை அதிகாரிகள் அலைக்கழித்து நான் பார்த்ததில்லை, ஆனால் முடிவு அவர்கள் கையில், நான் வாக்குக் கொடுக்க முடியாது. நட்சத்திர ஆமைக்கும் இதேதான். அதிர்ஷ்டம் என்று வாங்கி மீன்தொட்டியில் வைக்கிறார்கள். வெயில் படாமல், சோறும் பிஸ்கட்டும் தின்று ஓடு கோணலாகி வருகிறது. அதன் பன்னாட்டு வணிகத்தையே 2019-ல் சைட்டீஸ் என்ற, அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் தடைசெய்துவிட்டார்கள்.

அப்போ நாங்களே மாடியில திறந்து விட்டுடறோமே?

அது விடுதலை இல்லை. வெட்டிய இறகு அடுத்து இறகு உதிர்த்து முளைக்கும்போதுதான் வளரும், அதற்குப் பல மாதம் ஆகலாம், பிடுங்கியிருந்தால் சில சமயம் வளரவே வளராது. பறக்கத் தெரிந்தாலும் மார்புத் தசையில் வலு இருக்காது. காக்கை எது, பருந்து எது என்று தெரியாது. பசித்தால் முதலில் பார்க்கும் மனிதத் தோளில் போய் உட்காரும். எங்களிடம் வரும் கிளிகளைக் கூட்டமாகப் பெரிய கூண்டில் விடுகிறோம், ஒன்றைப் பார்த்து ஒன்று கற்கும். சில கிளிகள் ஒரு வருடத்தில் தயாராகும். "அக்கா சாப்டியா" என்று கேட்கிற கிளி ஒன்று ஐந்து வருடமாக எங்களோடே இருக்கிறது, அது இனிப் போகாது.

தேறாததை ஊசி போட்டுக் கொன்னுடுவீங்களாமே? அது பாவம் இல்லையா?

போடுகிறோம், எப்போதாவது. மணிக்கட்டு மூட்டே நொறுங்கிய பருந்துக்கும், மின்கம்பியில் இரண்டு கையும் கருகிய குரங்குக்கும் வேறு வழி இல்லாதபோது. டாக்டரும் கூண்டு பார்க்கும் அண்ணனும் இருவருமே ஒப்புக்கொண்டால்தான். "எப்படியாவது உயிரோடு வைத்திருங்கள்" என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரியும். ஆனால் வானத்தில் வட்டமடித்த பறவையைப் பத்துப் பதினைந்து வருடம் ஒரு மூலையில், வலியோடு, நம் ஆறுதலுக்காக வைத்திருப்பதை என்னால் இரக்கம் என்று சொல்ல முடியவில்லை. அன்று மாலை யாரும் அதிகம் பேச மாட்டோம்.

முதுமலை தெப்பக்காடு யானை முகாமுல, ஆஸ்கார் வாங்கின படத்துல வந்த பொம்மனும் பெள்ளியும் வளர்த்த யானைக்குட்டியை ஏன் காட்டில் விடல? அதுவும் மீட்புதானே?

மீட்புதான். ஆனால் யானைக்குத் தாயும் பெரியம்மாவும் சேர்ந்த கூட்டம்தான் பள்ளிக்கூடம், தனியாக வளர்ந்த குட்டியை வேறொரு கூட்டம் ஏற்பது அரிது. அதனால் வனத்துறையின் முதல் முயற்சி எப்போதுமே குட்டியைத் தாயோடு சேர்ப்பது. 2023 டிசம்பரில் வால்பாறைப் பக்கம் பிரிந்துபோன குட்டியை ட்ரோன் வைத்துத் தாயைத் தேடிச் சேர்த்தார்கள், பிறகு அது தாய்மேல் சாய்ந்து தூங்குகிற படம் எல்லோர் போனிலும் வந்தது. அது முடியாதபோதுதான் தெப்பக்காடு மாதிரியான முகாம்.

எல்லா உயிருக்கும் ஒரே பதில் இல்லை. அசாமில் காசிரங்கா பக்கத்தில் 2002-லிருந்து நடக்கும் மீட்பு மையத்தில், வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் குட்டிகளைப் புட்டிப்பாலில் வளர்த்து 2006-லிருந்து மானஸ் காட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயே பெரிய வேலிக்குள் பழக்கி, பிறகு திறந்துவிட்டார்கள். அவற்றில் சில அங்கே குட்டியும் ஈன்றிருக்கின்றன. காண்டாமிருகம் தனியாக வாழ்கிற விலங்கு என்பதால் இது கூடிவந்தது.

விட்ட பிறகு அது உயிரோட இருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. பறந்து போன பருந்து மற்ற பருந்துகளோடு கலந்துவிட்டால் எது நம்முடையது என்று யாருக்கும் சொல்ல முடியாது. எங்களால் முடிந்தது, அது பிடிபட்ட இடத்திலேயே விடுவது. தண்ணீர் எங்கே, இரை எங்கே என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். பெட்டிமேல் இடத்தை எழுதி ஒட்டச் சொன்னது இதற்குத்தான். "எங்கேயோ ரோட்டில் கிடைச்சுது" என்று விட்டுப்போகும் பறவையை எங்கே விடுவது என்றே தெரியாமல் தவித்திருக்கிறோம்.

சில சமயம் தெரியும். போன வருடம் வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது நான்கு கூகைக் குஞ்சுகளை இறக்கிவிட்டார்கள். மறுநாள் மாலை ஒரு மரப்பெட்டியில் அவற்றை அதே தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். தாய் வருமா என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. அங்கே இரவுக் காவலுக்கு இருந்த பெரியவரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரவு ஒரு மணிக்கு போன் வந்தது. "வந்துடுச்சும்மா. வாயில எலி. பொட்டிக்குள்ள தலையை விட்டுக் கொடுத்துட்டு மறுபடி போயிருக்கு. நான் டார்ச் அடிக்கலை, நீங்க சொன்ன மாதிரியே இருட்டுல உக்காந்துதான் பார்த்தேன்."